ஐரிஸ் கிழங்கை ஆழமாகப் புதைத்தவன்

மகனே,

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. முதுகு வலி, அதனால்தான் பதில் தாமதம் என்று ஒரு வரி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "முதுகு வலின்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க, அங்க பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். முதுகு வலி பொய்யில்லை. ஆனால் அது முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறது, அதற்காக நான் எந்த வேலையையும் தள்ளிப் போட்டதில்லை. இந்தத் தாமதத்துக்குக் காரணம் நீ உறைக்குள் வைத்திருந்த பூவின் கறுப்பு வெள்ளைப் படமும், அதைப் பற்றி நீ விளையாட்டாக எழுதியிருந்த நாலு வரியும்தான். சீமையில் நீ தாதிப் பயிற்சி எடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வசந்தம் வந்ததும் ஐரிஸ் வரிசையாகப் பூத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இலையைப் பார்த்ததுமே நம் வீட்டுப் பின்கட்டில் மண்ணெண்ணெய் டின்னில் நிற்கும் செடி இதுதான் என்று கண்டுபிடித்துவிட்டாயாம். நம் செடி இருபது வருஷமாகப் பூக்கவில்லை என்று அங்கே தோட்ட வேலை செய்யும் வெள்ளைக்காரரிடம் சொன்னதற்கு அவர் சிரித்தாராம். இதற்கு ஒரு குளிர்காலம் வேண்டும், பனியில் கிடந்து எழுந்தால்தான் மொட்டு வைக்கும், மலாக்கா வெயிலில் நூறு வருஷம் வைத்திருந்தாலும் இலைதான் வரும் என்றாராம். "இத்தனை வருஷம் வீணாகத் தண்ணீர் ஊற்றிவிட்டீர்கள் அப்பா" என்று முடித்திருக்கிறாய். நீ சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பாய். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அவர் உனக்கு நாலு கிழங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் பேசும் ஆங்கிலம் பாதி விளங்கவில்லை, எப்படி நடுவது என்று நீங்களே எழுதுங்கள் என்றிருக்கிறாய். பூத்தே பார்க்காதவனிடம் வந்து கேட்கிறாய், பரவாயில்லை, நடுகிற முறை மட்டும் எனக்கு மனப்பாடம். பூ முடிந்து கோடை நடுவில் கிழங்கைப் பிரி. சுருங்கிப்போன பழைய கிழங்கைத் தூக்கிப் போடு, ஓரத்தில் கிளைத்த இளசை மட்டும் வை. இலையைப் பாதியாக வெட்டிவிடு, இல்லையென்றால் காற்றில் ஆடி வேர் பிடிக்காது. மண்ணைச் சின்ன வரப்பாகக் குவித்து, அதன்மேல் கிழங்கை உட்கார வைத்து, வேரை இரண்டு பக்கமும் சரிய விட்டு மூடு. வேரைத்தான் மூட வேண்டும், கிழங்கை அல்ல. கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும், வெயில் அதன்மேல் பட வேண்டும். குளத்தில் வாத்து மிதக்கிறதே, அப்படிப் பாதி மேலே பாதி கீழே. தண்ணீர் தேங்கவே கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது காஜா பெராங்கில் நான் வேலை பார்த்த பங்களாவின் துரையம்மா. யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் ஒரு பெட்டி நிறையக் கிழங்கு வரவழைத்து, முழங்காலில் உட்கார்ந்து தன் கையாலேயே முதல் கிழங்கை நட்டுக் காட்டினாள். ஆழமாகப் போடாதே, ஆழமாகப் போடாதே என்று மலாயில் என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள் தெரியுமா?

அடையாளம் பற்றியும் கேட்டிருக்கிறாய். இலையை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடாதே. விசிறி போல விரிந்து நிற்கும் இலைகள் பலதுக்கு உண்டு. உன் படத்தில் கீழே தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்புழு ஊர்வது போல ஒரு கோடு தெரிகிறது. அதுதான் தாடி. தாடி உள்ள சாதி மேட்டில் வளரும், அகலமான, வழவழப்பான இலை. தாடி இல்லாமல் குளத்தங்கரையில் வளரும் சாதி ஒன்று உண்டு, அதன் இலையைத் தடவினால் நடுவில் ஒரு நரம்பு விரலில் தட்டும். வசம்பின் இலையிலும் அப்படி ஒரு நரம்பு தட்டும், ஆனால் கசக்கி முகர்ந்தால் வசம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஐரிஸ் இலைக்கு அந்த வாசம் கிடையாது. இதைக் கவனமாக நினைவில் வைத்துக்கொள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் போனதால்தான், இல்லை, அது தெரியாமல் போன ஒரு மனிதரை நான் பயன்படுத்திக்கொண்டதால்தான், உனக்குத் தாய்மாமா இல்லாமல் போனார்.

உன் வேலு மாமாவைப் பற்றி உனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: ஜப்பான்காரன் காலத்தில் ரோட்டில் பிடித்து லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. சொன்னவன் நான். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னேன், அவ்வளவுதான்.

யுத்தம் வந்ததும் துரையும் துரையம்மாவும் இரண்டு பெட்டியோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் பங்களாவுக்கு ஒரு ஜப்பானிய அதிகாரி குடி வந்தார். வந்த அன்றே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ரோஜாவைப் பிடுங்கி மரவள்ளி போடு, புல்தரையைக் கொத்திச் சேம்பு போடு என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தவர், ஐரிஸ் பாத்தி முன்னால் நின்றுவிட்டார். குனிந்து இலையைத் தொட்டார். "இது பூக்குமா?" என்று மலாயில் கேட்டார். துரையம்மா நட்டு நாலு வருஷம், ஒரு மொட்டுகூட நான் கண்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. இந்தத் தோட்டத்தில் மரவள்ளி நட யாரைக் கொண்டுவந்தாலும் போதும், இந்தப் பூவுக்குத்தான் நான் தேவை. "ஒவ்வொரு வருஷமும் பூக்கும் துவான், ஏப்ரல் மாதத்தில்" என்றேன். துரையம்மா தன் ஊர் வசந்தத்தைப் பற்றிப் புலம்பும்போது காதில் விழுந்த மாதம் அது. அவர் முகம் மாறியது. தன் ஊரில் குளத்தைச் சுற்றி ஊதாவாகப் பூக்கும் என்று கையால் காட்டினார். மறுநாள் சிவப்பு முத்திரை போட்ட ஒரு காகிதம் என் கைக்கு வந்தது. இவன் அதிகாரி வீட்டுத் தோட்டக்காரன், யாரும் தொடக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததாம்.

சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அடுத்த வருஷம் வந்தது. கடைத்தெருவுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை, கோயிலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று தினம் ஒரு சேதி. மலாக்காவில் இருந்த தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நீ அம்மா வயிற்றில் ஆறு மாசம். உன் மாமா மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மாட்டைப் பறித்துக்கொண்டார்கள், பிழைப்புக்கு வழியில்லை, கையில் காகிதமும் இல்லை. உன் அம்மா என்னிடம் வந்து அழுதாள். நான் அதிகாரியிடம் போய், பூ வரும் பருவம், பாத்திக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றேன். பூ என்ற சொல்லுக்கு அந்த மனிதர் எதையும் கொடுப்பார். மாமாவுக்கும் ஒரு காகிதம் கிடைத்தது. அதுவரை நான் செய்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

மாமாவுக்கும் செடிக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. களையைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார், நாற்றைக் களையென்று பிடுங்குவார். வாய் மட்டும் ஓயாது. அந்தப் பாத்தியைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "ஏன் மாப்ள, ஜப்பான்காரனைப் பார்த்தாலும் குனியணும், இந்தச் செடியப் பார்த்தாலும் குனியணும். பூக்காததுக்கே இவ்ளோ மரியாதைன்னா, பூத்தா கற்பூரம் காட்டணும் போலயே" என்பார். சும்மா இருங்கள் மச்சான், யார் காதிலாவது விழப்போகிறது என்று நான் அதட்டுவேன். ஒரு நாள் மத்தியானம் கையில் மண்ணோடு வந்து நின்றார். "மாப்ள, வாசமே இல்லாத வசம்பை இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்றார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வசம்பு வேண்டும், கடையில் எங்கும் இல்லை என்று உன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், அதனால் இலையைப் பார்த்து வசம்பென்று நினைத்து ஒரு கிழங்கைத் தோண்டிவிட்டார். விளக்கில் சுட்டுத் தாய்ப்பாலில் உரைத்து உன் நாக்கில் தடவ. முகர்ந்து பார்த்தபிறகுதான் இது வேறு என்று தெரிந்து, இஞ்சியைப் புதைப்பதுபோல மறுபடி புதைத்து, காலால் மிதித்துக் கெட்டியாக்கிவிட்டு வந்திருக்கிறார். நல்ல வேளை அது வசம்பில்லை என்று தெரிந்தது, அந்தக் கிழங்கைத் தின்றால் வயிறு புரட்டும், பச்சைப் பிள்ளை தாங்காது. அன்று நான் அவரைத் திட்டிய திட்டை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அதே பாத்தியில் மற்ற எல்லாக் கிழங்கையும் ஆழமாகப் புதைத்தவன் நான்தான். துரையம்மா போனபிறகு, வெயிலில் முதுகு காய்ந்து கிடந்த கிழங்குகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இஞ்சி, மஞ்சள், சேம்பு என்று மண்ணுக்குள் போட்டே பழகிய கை. அவள் போன மறு வாரமே நாலு விரல் ஆழத்துக்கு மண்ணைப் போட்டு மூடினேன். மாமா வந்து சேர்ந்தபிறகு, ஒரு நாள் பேச்சுவாக்கில் இதை அவரிடம் சொல்லியும் இருந்தேன்.

ஏப்ரல் வந்தது. மொட்டு வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கம்போங் செட்டியில் ஒரு அம்மாள் வீட்டு வேலியோரம் விசிறி இலையோடு ஒரு செடி பூத்திருப்பதை எப்போதோ பார்த்த நினைவு. நாம் கும்பிடும் சாமியைத்தான் அந்தச் செட்டிகளும் கும்பிடுகிறார்கள், பேச்சு மட்டும் மலாய். போய்க் கேட்டதும் "அம்பெ லா", எடுத்துக்கொள் என்று சிரித்துக்கொண்டே நாலு செடியை வேரோடு கொடுத்தாள். அதைக் கொண்டுவந்து பாத்தியின் நடுவில் சொருகினேன். ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளி போட்ட சின்னப் பூ. அதிகாரி வந்து பார்த்தார். கோபப்படவில்லை. ஒரு பூவைக் கிள்ளி, இதழை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "உறவுதான், ஆனால் அது இல்லை" என்றார். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிறகு, "எல்லாச் செடியிலும் இலை இருக்கிறது. நீ சொன்ன மாதம் வந்துவிட்டது. பூ எங்கே? என்னிடம் பொய் சொன்னாயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாமா பத்தடி தள்ளிப் பூவாளியோடு நின்றிருந்தார். மகனே, அந்த இடத்தை நான் ஆயிரம் முறை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். மண்ணில் அந்த ஒரு இடம் மட்டும் மிதிபட்டுக் கெட்டியாக இருந்தது கண்ணில் பட்டது. என் கை தானாக நீண்டது. "இவன்தான் துவான். வந்த புதிதில் தோண்டிவிட்டான். ஆழமாகப் புதைத்துவிட்டான். முதுகில் வெயில் படாவிட்டால் பூக்காது" என்றேன். துரையம்மா சொல்லித்தந்த பாடம், வார்த்தை பிசகாமல் வந்தது. அதிகாரி முழங்காலிட்டு விரலால் தோண்டினார். கிழங்கு ஆழத்தில்தான் இருந்தது. பக்கத்துச் செடியையும் தோண்டினார், அதுவும் ஆழத்தில் இருந்தது. எழுந்து மாமாவைப் பார்த்தார். "எல்லாம் நீ புதைத்ததா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் நான் காலி. மற்றதையெல்லாம் யார் புதைத்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். பூவாளியைக் கீழே வைத்தார், இடுப்பு வளையக் குனிந்தார், "ஸாயா, துவான்" என்றார். நான்தான் என்று. நான் சொல்ல வேண்டிய சொல்லை அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

காகிதத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை கூடப் போனேன். அவர்தான் பேசினார். "விடு மாப்ள. தங்கச்சி மாசமா இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தனாச்சும் வீட்ல இருக்கணும்ல? அது நீயா இருந்தாத்தான் சரி" என்றார். நாலடி போனவர் திரும்பி, "வசம்பு மட்டும் எங்கயாச்சும் தேடி வாங்கிரு. முகர்ந்து பார்த்து வாங்கு" என்று சிரித்தார். ஆறாம் நாள் கடைத்தெருவில் லாரியில் ஏற்றினார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்த ஒருவர், அங்கே காட்டில் மாமாவைக் காய்ச்சலோடு ஒரு கொட்டகையில் பார்த்ததாகவும், அதற்கப்புறம் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

உனக்குக் காது குத்திய அன்று தாய்மாமன் மடிக்கு ஆள் இல்லை. யாராவது சொந்தக்காரர் உட்காரட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். உன் அம்மா கேட்கவில்லை. பெட்டியிலிருந்து அண்ணனின் வேட்டியை எடுத்து நாலாக மடித்து மணைமேல் போட்டு, அதன்மேல் உன்னை உட்கார வைத்தாள். நான் எதிரே நின்று சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் இருபது வருஷமாகிவிட்டது.

அதிகாரி போன பிறகு பாத்தியில் உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு கிழங்கு. அதைத்தான் டின்னில் நட்டுக் கூரைத் தண்ணீர் விழாத இடத்தில் வைத்தேன். இந்த முறை துரையம்மா சொன்னபடி, முதுகு வெளியே தெரிய. நீ ஏழு வயதில் அதன் இலையை வெட்டி வாள் சண்டை போட்டாய், நினைவிருக்கிறதா? பிரம்பை எடுத்து உன் கால் தடிக்கும்வரை அடித்தேன். ஒரு செடிக்காகப் பிள்ளையை இப்படி அடிப்பாரா ஒரு மனிதர் என்று உன் அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ நினைத்தது போல எனக்குச் செடிமேல் அவ்வளவு ஆசை எல்லாம் இல்லை. அது ஒரே ஒரு தடவை பூத்தால் போதும் என்று காத்திருந்தேன். மேலே நட்டால் பூக்கும், புதைத்தால் பூக்காது என்று தெரிந்துவிட்டால், அன்று நான் அதிகாரியிடம் சொன்ன காரணமாவது நிஜமாக இருக்கும். யார் புதைத்தது என்பதில் பொய் சொன்னேன், ஆனால் சொன்ன காரணம் சரி என்று அரைக்கால் நிம்மதி. எவ்வளவு கேவலமான கணக்கு பார். அதற்காக இருபது வருஷம் தண்ணீர் ஊற்றினேன். உன் கடிதம் அதையும் எடுத்துக்கொண்டது. புதைத்திருந்தாலும் புதைக்காவிட்டாலும் இங்கே அது பூக்கப்போவதில்லை. அந்தப் பாத்தியில் யாருமே தப்புச் செய்யவில்லை. செய்யாத தப்புக்கு நான் ஆள் காட்டினேன், அவர் அதை ஏற்றுக்கொண்டு போனார். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, நீ செய்தியைச் சொன்னாய், அவ்வளவுதான்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும், தகப்பன் என்ற பெயர் இருக்கிறது, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இருக்கும் வேலையில் மருந்து மாறும், அளவு தவறும், பெரியவர்கள் வந்து இதைச் செய்தது யார் என்று கேட்பார்கள். உன் பக்கத்தில் உன்னைவிடப் புதியவன், பாஷை தெரியாதவன், வாய் திறக்காதவன் ஒருவன் நின்றிருப்பான். அவனைப் பார்க்காதே. கீழே குனிந்து உன் கையைப் பார்த்துக்கொண்டு, நான்தான் என்று சொல்லிவிடு. அதற்கப்புறம் வருவது எதுவாக இருந்தாலும், நான் அனுபவித்ததைவிட லேசாகத்தான் இருக்கும். வேலை போனால் வீட்டுக்கு வா, அவ்வளவுதானே?

கிழங்கைப் பார்சலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாயே, வேண்டாம். அங்கேயே நடு. நான் சொன்னபடி முதுகு வெளியே தெரிய நடு.

இதுவரை எழுதிவிட்டு நேற்று முன்தினம் உன் அம்மாவை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் எழுதுவது இன்னொரு திருட்டு என்று தோன்றியது. முடிந்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். டின்னைத் தூக்கிப் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன், உடைத்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, நீ அனுப்பிய பூப் படத்தைக் கேட்டாள். கொடுத்தேன். வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இது என்ன கலரு?" என்றாள்.

கறுப்பு வெள்ளைப் படம், எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"கேட்டு எழுதுங்க. எங்கண்ணன் எந்தப் பூவுக்காகப் போனாருன்னு நான் தெரிஞ்சுக்கணும்."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு வருகிறது, பக்கத்தில் தண்ணீரும் வருகிறது. இன்று காலையில் பார்த்தேன், டின் செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், நான் ஊற்றவில்லை. நீ போய்ப் பூவை நன்றாகப் பார்த்து, மேல் இதழ் என்ன நிறம், கீழ் இதழ் என்ன நிறம், அந்தத் தாடி என்ன நிறம் என்று ஒன்று விடாமல் எழுது. பெரிய எழுத்தாக எழுது. உறையின்மேல் என் பெயரைப் போடாதே, உன் அம்மா பெயரைப் போடு. அவளுக்குப் படிக்க நேரமாகும், இருந்தாலும் நான் படித்துச் சொல்ல வேண்டாம். அவளே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா